திசை மாறிய மைதானம்

மாமியாரும் மருமகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் காலைச் சாப்பாட்டை முடிப்பது அந்த வீட்டுக்கு இப்போது பழகிவிட்டது. சண்டை சமையலைப் பற்றியது அல்ல. மகனைப் பற்றியதும் அல்ல. ஹோம் பிளேட்டைப் பற்றியது.

மாமியாரை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த காலத்தில், கல்லும் முள்ளுமாகக் கிடந்த ஒரு பொட்டலைத் தன் மாணவர்களோடு சேர்ந்து சுத்தம் செய்து, ஒரே ஒரு பேட்டும் தையல் விட்டுப்போன சில பந்துகளுமாக பேஸ்பால் கிளப் ஆரம்பித்தவர். இன்றைக்கு அந்தக் கிளப்பில் பெரியவர்கள் அணி இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் அணி இருக்கிறது, சேர இடம் கேட்டுக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். தலைவி இன்னமும் டீச்சர்தான். பந்தடிப்பவனுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சராக நிற்கும் மகன்தான் பெரியவர்கள் அணிக்குக் கேப்டன். வீட்டிலும் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது.

அணி முதல் டிவிஷனுக்குத் தேறியதும் மைதானத்தையும் அந்தத் தரத்துக்கு உயர்த்த வேண்டியிருந்தது. மருமகள் சிவில் இஞ்சினியர். வேலை அவள் கைக்கு வந்தது. சுற்றிலும் வேலி போட்டாள். பந்தடித்துப் பழக வலைக்கூண்டு கட்டினாள். வீரர்கள் உட்காரக் கூரையோடு டக்கவுட், மின்சார ஸ்கோர்போர்டு, மழைநீர் வடிய வாய்க்கால்... எல்லாவற்றுக்கும் டீச்சர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

பந்தடிப்பவன் நிற்கும் ஹோம் பிளேட்டை எதிர் மூலைக்கு மாற்றி, மைதானத்தையே திருப்பிப் போட வேண்டும் என்று அவள் சொன்னபோதுதான் வெடித்தது. கமிட்டியில் ஓட்டெடுத்தார்கள். டீச்சர் தோற்றார். தான் ஆரம்பித்த கிளப்பில், தன் வீட்டுப் பெண்ணிடம்.

அன்றோடு பேச்சு நின்றது. இன்று லீக் அதிகாரி மைதானத்தைப் பார்வையிட வருகிறார்.

"இன்னிக்கு மழை இருக்குமாம்" என்றார் மாமனார், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கிளப்பின் மைக் அவரிடம்.

"வந்தா வரட்டும். அதான் வாய்க்கால் இருக்காமே. சொல்லிக்கிறாங்க" என்றார் டீச்சர்.

அப்படிச் சொன்னவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"வாய்க்கால் இருக்கு மாமா" என்றாள் மருமகள், டீச்சருக்குப் போக வேண்டிய பதிலை மாமனாரிடம் கொடுத்து. "நீங்க தைரியமா மைக்கைப் பிடிங்க."

கேப்டன் யார் பக்கமும் பார்க்கவில்லை. குனிந்து ஷூ கயிறு கட்டினான். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

* * *

லீக் அதிகாரி மெல்லிய குரலில் பேசும் உயரமான மனிதர். சிரிப்பதில்லை. கையில் அளவு நாடா. ஓடுபவர்கள் தொட வேண்டிய பேஸுக்கும் பேஸுக்கும் இடையே அளந்தார். பந்து வீசும் பிட்சர் நிற்கும் மண்மேட்டின் உயரத்தைப் பார்த்தார். வேலிக் கம்பத்தைப் பிடித்து உலுக்கினார். கம்பம் அசையவில்லை.

டீச்சர் புதிய கிளப் ஜாக்கெட் அணிந்து அவர் பக்கத்தில் நடந்தார். மருமகள் சற்றுப் பின்னால் வந்தாள். கேள்வி வந்தால் மட்டும் பதில் சொன்னாள்.

"இது என்ன?" ஒரு கதவின் முன் அதிகாரி நின்றார்.

"பெண்களுக்கான உடை மாற்றும் அறை சார்."

"உங்ககிட்ட பெண்கள் அணி இல்லையே?"

"இன்னும் இல்ல. ரூம் இருந்தாத்தானே வருவாங்க" என்றாள் மருமகள்.

அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, முதல் டிவிஷன் கிளப்புகளில் பாதிக்கு இது கிடையாது என்று முணுமுணுத்தபடி நகர்ந்தார். டீச்சர் நகரவில்லை.

உள்ளே சுத்தமான பெஞ்சு. மாட்டி வைக்கக் கொக்கிகள். கழுவும் தொட்டி. கதவில் உறுதியான ஒரு தாழ்ப்பாள்.

டீச்சர் ஆட வந்த காலத்தில் பெண்களுக்கென்று இருந்தது சாமான்கள் போட்டு வைக்கும் கொட்டகை மட்டும்தான். அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி வெளியே கதவில் முதுகைச் சாய்த்து நிற்பாள், இன்னொருத்தி உள்ளே உடை மாற்றுவாள். வெளியே நிற்பவள் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துக் கதவை மறந்துவிட்டால் அன்றைக்கு மானம் போகும்.

டீச்சர் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். திறந்தார். மறுபடி போட்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான். மருமகள் பார்த்துவிட்டாள். பார்க்காதவள் போல அதிகாரியின் பின்னால் போனாள்.

அப்போதுதான் மழை ஆரம்பித்தது. தூறல் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. வாளியோடு கவிழ்த்தது போல் கொட்டியது. வீரர்கள் ஓடிப் போய் உள்வட்டத்தின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். எதிரணியின் பஸ் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. அது முதல் டிவிஷனில் பல காலமாக ஆடும் பெரிய அணி. பார்வையிடலோடு ஒரு நட்பு ஆட்டமும் இருக்கட்டும் என்று அழைத்திருந்தார்கள்.

பழைய மைதானமாக இருந்தால் இந்த மழைக்கு வாத்து விடலாம். ஒரு வாரம் யாரும் கால் வைக்க முடியாது.

மழை நின்றது. எல்லோரும் டக்கவுட்டிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாவது பேஸுக்குப் பின்னால், புல்லின் மேல், தண்ணீர் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது.

"வடியுமா?" என்றார் அதிகாரி.

"வடியணும் சார்." மருமகளின் குரல் அடங்கியிருந்தது.

"ஆட்ட நேரத்துக்குத் தண்ணி நின்னா நான் கையெழுத்துப் போட முடியாது. அடுத்த சீசன்தான் பார்க்க முடியும்." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த சீசன் என்றால் முதல் டிவிஷன் இடம் வேறு கிளப்புக்குப் போய்விடும். அது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அணியின் கண்கள் எல்லாம் மருமகள் மேல் திரும்பின. கேப்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் மழையில் நனைந்த புல்லில் இறங்கி, குழாய் போகும் தடத்திலேயே குனிந்து பார்த்தபடி ஓட ஆரம்பித்துவிட்டாள்.

"இவ எங்கடா போறா?" என்றார் டீச்சர்.

"தண்ணி எங்க நிக்குதோ அங்க இல்லம்மா கோளாறு, வெளியேறுற இடத்துலதான் இருக்கும்னு அவ சொல்லுவா."

டீச்சர் மகனை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவரும் ஓடினார்.

* * *

வாய்க்கால் தண்ணீர் எல்லாம் ஒரு பெரிய குழாயில் சேர்ந்து, வாசலுக்கு வெளியே தெருவோரக் கால்வாயில் கொட்ட வேண்டும். அங்கே குழாயின் வாய் தெரியவில்லை. அந்த இடத்தில் வரவேற்பு வளைவு ஒன்று ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. அதிகாரியை அசத்த வேண்டும் என்று மாமனார் சொல்லி வைத்த ஏற்பாடு. வளைவு காற்றில் சாயாமலிருக்க, அதன் காலில் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். சரியாகக் குழாயின் வாயில். ஒரு மூட்டை கிழிந்து மணல் உள்ளேயே போயிருந்தது.

மருமகள் கணுக்கால் தண்ணீரில் இறங்கி மூட்டையை இழுத்தாள். வளைவு ஆடியது.

"ஐயோ, வளைவு விழுந்துடும்!" என்று கத்திக்கொண்டே டீச்சர் வந்து சேர்ந்தார். திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கேப்டன்! ஆளுங்களைக் கூட்டிட்டு வா!"

அணி முழுவதும் வந்து வளைவைத் தாங்கிப் பிடித்தது. மருமகள் மூட்டைகளை ஒவ்வொன்றாக உருட்டித் தள்ளினாள். பிறகு படுத்தே விட்டாள். குழாய்க்குள் கையை விட்டு மணலை வாரினாள். எட்டவில்லை.

"தள்ளு. என் கை நீளம்."

அவள் நிமிர்ந்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு டீச்சர் அவளிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது.

"அத்தை, உங்க புது ஜாக்கெட்டு..."

"ஜாக்கெட்டைத் துவைச்சுக்கலாம். இந்த ஆளு போயிட்டா அடுத்த சீசன்தான் வருவாரு. தள்ளும்மா!"

டீச்சர் மண்டியிட்டுத் தோள் வரை கையை நுழைத்தார். முன்னாள் பிட்சரின் கை. ஒரு பிடி, இரண்டு பிடி. மருமகள் பக்கத்திலிருந்து மணலை ஒதுக்கினாள். முகத்தோடு முகம் இடிக்கும் தூரத்தில் இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

மைக்கில் மாமனாரின் குரல் கம்பீரமாக எழுந்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." ஒரு இருமல். "மன்னிக்கணும். ரசிகர்களின் கவனத்திற்கு. தண்ணீர் சற்று தாமதமாகப் புறப்படும்."

பஸ்ஸில் இருந்த எதிரணி கூடச் சிரித்தது.

"இந்த மனுஷனை..." என்று டீச்சர் பல்லைக் கடித்த அதே நேரத்தில் குழாய்க்குள் எங்கேயோ கடகடவென்று சத்தம் கேட்டது.

"அத்தை, கையை எடுங்க!"

எடுத்தார். அடுத்த நொடி தண்ணீர் பீறிட்டு வந்து இருவரையும் தலையோடு நனைத்துவிட்டுத் தெருக் கால்வாயில் பாய்ந்தது. வளைவைப் பிடித்திருந்த அணி கத்திய கத்தலில் வளைவு நிஜமாகவே விழுந்திருக்கும்.

இருவரும் சொட்டச் சொட்ட உள்ளே வந்தபோது மூன்றாவது பேஸுக்குப் பின்னால் தண்ணீரின் பளபளப்பு சுருங்கிக்கொண்டே போனது. ஓரத்தில் புல் தெரிந்தது. பிறகு நடுவிலும் தெரிந்தது. அதிகாரி போய்ப் புல்லைக் காலால் அழுத்தினார். ஷூ நனைந்தது, புதையவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

மருமகள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காகிதத்தில் கோடாக வரைந்தது, மண்ணுக்கடியில் யார் கண்ணுக்கும் தெரியாமல் புதைத்தது, தான் சொன்னபடியே தண்ணீரைக் கொண்டுபோகிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. நல்லவேளை, முகமெல்லாம் ஏற்கெனவே ஈரமாக இருந்தது.

* * *

ஆட்டம் கடைசி இன்னிங்ஸுக்கு வந்தபோது சமநிலையில் இருந்தது. பெரிய அணி இதை எதிர்பார்க்கவில்லை. அவர்களின் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது.

மழை கழுவிவிட்ட வானம். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, கண்ணைக் குத்தும் வெளிச்சத்தோடு. டக்கவுட்டில் டீச்சர் வேறொருவரின் ஜாக்கெட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் பார்வை பந்தில் இல்லை. பேட்டோடு நிற்கும் பையன்களின் முகத்தில் இருந்தது.

ஒருவன் போனான், இன்னொருவன் வந்தான். டீச்சர் இன்னும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா" என்று மருமகளை அழைத்தார். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாருமே கண்ணைச் சுருக்கலையே."

"ஆமா அத்தை. வெயில் முதுகுப் பக்கம் விழுது."

"சாயந்திர ஆட்டத்துல நம்ம பசங்க ஏன் சொதப்பறாங்கன்னு நான் எத்தனை வருஷம் திட்டியிருப்பேன் தெரியுமா? கவனம் இல்ல, பயிற்சி பத்தலன்னு..." நிறுத்தினார். "இதுக்காகத்தான் திருப்பினியா?"

"ஆமா."

"சொல்லியிருக்கக் கூடாதா?"

"கமிட்டியில சொன்னேன் அத்தை. நீங்கதான் பாதியிலயே எழுந்து போயிட்டீங்க."

"போனேன்தான்" என்றார் டீச்சர். ஒளிக்கவோ மழுப்பவோ அவருக்கு வராது. "அந்த மூலையில மரத்து நிழல் இருந்துச்சு. வரிசையில நிக்கிற பிள்ளைங்க வெயில்ல காயக் கூடாதுன்னு அங்க வச்சேன். தலையில படற வெயிலைத்தான் யோசிச்சேன். கண்ணுல படறதை யோசிக்கல."

"நிழலுக்குத்தான் இப்ப டக்கவுட் இருக்கே."

"அதைத்தானே சொல்றேன். ரெண்டையும் நீ யோசிச்சிருக்கே."

மருமகள் கையில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அது சரி, இப்ப வெயில் எதிர்ல நிக்கிறவன் கண்ணுல அடிக்குமே? நாம ஃபீல்டிங் நிக்கும்போது நம்ம கண்ணுலயும்தானே?"

"அதுக்குத்தான் அத்தை தொப்பி."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வீடு கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. பேட்டோடு களத்துக்குப் போய்க்கொண்டிருந்த கேப்டன் திரும்பிப் பார்த்தான். அம்மாவும் மனைவியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். கையில் பேட் இருப்பதையே ஒரு கணம் மறந்து நின்றான்.

"அங்க என்னடா பார்வை? பந்தைப் பாரு!"

இரண்டு பேர் அவுட். இரண்டாவது பேஸில் ஒருவன் ஓடத் தயாராக நிற்கிறான். எதிரணி பிட்சர் கையை உயர்த்தினான். முதல் பந்தைக் கேப்டன் விட்டான். இரண்டாவதை வீசி அடித்துத் தவறவிட்டான். மூன்றாவது பந்து உள்ளே வளைந்து வந்தது. தையல் உட்படத் தெரிந்தது என்று அவன் பிறகு சொன்னான்.

டக் என்று சத்தம். சுத்தமான சத்தம். பந்து இரண்டாவது பேஸுக்கு மேலே பறந்து, நடுவிலும் வலப்பக்கமும் நின்றவர்களுக்கு இடையே விழுந்து, ஈரப் புல்லில் சறுக்கிக்கொண்டு ஓடியது. ஒருவன் வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்தபடி ஓடினான். அவன் எடுத்து எறிவதற்குள், இரண்டாவது பேஸிலிருந்து புறப்பட்டவன் ஹோம் பிளேட்டை மிதித்துவிட்டான். புதிய மூலையில் இருந்த ஹோம் பிளேட்டை.

ஸ்கோர்போர்டில் எண் மாறியது, ஆட்டம் அவர்கள் வெற்றியோடு முடிந்தது. மாமனார் மைக்கைப் பிடித்துக்கொண்டு எதையும் அறிவிக்காமல் "ஹோ!" என்று மட்டும் கத்தினார். ஓய்வு பெற்ற அறிவிப்பாளரின் அத்தனை வருட நிதானமும் அந்த ஒரு எழுத்தில் போயிற்று.

* * *

கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் அதிகாரி வந்து டீச்சரின் கையைக் குலுக்கினார். "முதல் டிவிஷனுக்கு வாழ்த்துகள். மைதானம் எனக்குத் திருப்தி." முதல் தடவையாக லேசாகச் சிரித்தார். "குழாயைக் கையால தோண்டின கிளப் தலைவியை நான் வேற எங்கயும் பார்த்ததில்ல."

அணி டீச்சரைத் தூக்கப் பார்த்தது. "இறக்குங்கடா, நான் என்ன மணல் மூட்டையா?" என்று அதட்டினார். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல் பொறுக்கிய பழைய மாணவர்கள் சிலர், இப்போது தங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தவர்கள், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கை தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அதிகாரி போகவில்லை.

"இன்னொரு விஷயம். லீக் வேற ஊர்கள்லயும் மைதானம் கட்டப் போகுது. பொறுப்பா பார்த்துக்க ஒருத்தரைத் தேடிட்டிருக்கோம். அங்கயே தங்கணும், ரெண்டு வருஷமாவது ஆகும். உங்க மருமகளை அனுப்புவீங்களா?"

பக்கத்தில் நின்ற கேப்டனின் முகத்திலிருந்து வெற்றியின் சிரிப்பு மெல்ல இறங்கியது.

டீச்சர் அதிகாரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அனுப்பறதுக்கு நான் யாரு சார்? அவளா ஒரு முடிவெடுப்பா. அவகிட்ட நேரா கேளுங்க. கேக்கும்போது மருமகள்னு கேக்காதீங்க. இஞ்சினியர்னு கூப்பிட்டுக் கேளுங்க."

அதிகாரி தலையசைத்துவிட்டு, ஸ்கோர்போர்டுக்கடியில் நின்றிருந்த அவளிடம் நடந்தார். இருவரும் பேசியது இவர்களுக்குக் கேட்கவில்லை.

* * *

பொழுது சாயும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். மாமனார் வழியெல்லாம் ஆட்டத்தை மறுபடி அறிவித்துக்கொண்டே வந்தவர், வந்த வேகத்தில் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். மருமகள் குளிக்கப் போனாள்.

சமையலறையில் கேப்டன் அம்மாவை மடக்கினான்.

"எதுக்கும்மா சரின்னு சொன்னே?"

"நான் சரின்னு சொல்லலடா. அவகிட்ட கேளுங்கன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். கிளப் முதல் டிவிஷன் ஆடற முதல் சீசன். நான் இங்க, அவ எங்கயோ. ரெண்டு வருஷம்மா!"

"உனக்கு ஆட்டம் இருக்கு, அவளுக்கு வேலை இருக்கக் கூடாதா?"

"பேசாம இருந்த வரைக்கும் நல்லா இருந்துச்சு. இன்னிக்குத்தான் பேசினீங்க, இன்னிக்கே அனுப்பி வைக்கிறே."

டீச்சர் தட்டுகளை எடுத்து வைத்தார். அவருக்கும் அது வலித்தது என்பது தட்டுகள் மேசையில் விழுந்த சத்தத்தில் தெரிந்தது. "அவளைப் பத்தி எனக்குப் பெருமையா இருக்குடா" என்றார் பிறகு, தாழ்ந்த குரலில். "பெருமைப்பட்டுட்டு, கையைப் பிடிச்சு நிறுத்தவும் எனக்குத் தெரியல. நீயே உட்கார்ந்து அவகிட்ட பேசு. நிதானமா யோசிச்சு, திங்கட்கிழமை பதில் சொல்லட்டும்."

"திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு அத்தை?"

இருவரும் திரும்பினார்கள். ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு மருமகள் வாசலில் நின்றிருந்தாள். அவள் கணவனைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"நான் அவர்கிட்ட அப்பவே பதில் சொல்லிட்டேன்."